வியாபாரத்துக்கு எந்த நம்பர் குடுக்கறது: சொந்த போனா, வாட்ஸ்அப் பிசினஸா, கிளவுட் போனா, ஈமெயிலா?

சின்னதா ஒரு வியாபாரம் ஆரம்பிக்கறப்ப, கஸ்டமர் நம்மள எப்படி தொடர்பு கொள்ளப் போறாங்கன்னு யாரும் உக்காந்து யோசிக்கறது இல்ல, கையில இருக்கற போன் நம்பர கார்டுல போட்டுட்டு வேலைய ஆரம்பிச்சிடுவாங்க. அதுல தப்பும் இல்ல, ஆரம்பத்துக்கு அது போதும். ஆனா ரெண்டு பேர் வேலைக்கு சேந்து, ஆர்டர் கொஞ்சம் கூடி, ஒரே நேரத்துல நாலு பேர் மெசேஜ் போட ஆரம்பிச்சதும்தான் கேள்வியெல்லாம் வரும். வாட்ஸ்அப் பிசினஸ் போட்டா போதுமா, இல்ல ஏபிஐ எடுக்கணுமா, கிளவுட் போன்னு ஒண்ணு விக்கறாங்களே அது நமக்கு தேவையா, ஈமெயில் எல்லாம் இப்ப யாரு பாக்கறா. இந்த மாதிரி செட்டப் பண்ணிக் குடுக்கற வேலைல இருக்கறதால இதே கேள்விகள் திரும்பத் திரும்ப என் கிட்ட வருது, அதனால ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு.

பொதுவா எல்லாரும் எதுல வசதி ஜாஸ்தின்னு பாத்துதான் முடிவு பண்றாங்க. நான் அத கடைசியாத்தான் பாப்பேன். முதல்ல மூணு விஷயம் பாக்கணும். ஒண்ணு, அந்த நம்பரோ ஈமெயில் முகவரியோ யார் பேர்ல இருக்கு, நாளைக்கு வேற கம்பெனிக்கு மாறணும்னா அதே நம்பரோட மாற முடியுமா. ரெண்டு, வழக்கமா பதில் சொல்ற ஆள் ஒருநாள் வரலன்னா வேற யாராவது எடுத்துப் பதில் சொல்ல முடியுமா. மூணு, ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு கஸ்டமர் கிட்ட என்ன பேசினோம்னு தேடி எடுக்க முடியுமா. இந்த மூணுக்கும் ஆமான்னு பதில் வர்ற செட்டப் எவ்வளவு எளிமையா இருந்தாலும் நல்ல செட்டப்தான், மூணுக்கும் இல்லன்னு வந்தா எவ்வளவு காசு குடுத்து வாங்கினாலும் பிரயோஜனம் இல்ல.

சொந்த போன் நம்பரே போதுமா

நீங்க ஒரே ஆள், வேலையும் கம்மி, கஸ்டமரும் தெரிஞ்சவங்கன்னா போதும், ஆனா ரொம்ப நாளைக்கு இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு கஸ்டமர் கால் பண்றது ஒரு தொந்தரவு, அத கூட பொறுத்துக்கலாம். பெரிய சிக்கல் வேலை பாக்கறவங்க நம்பர்ல வியாபாரம் நடக்கறதுதான். விற்பனை பாக்கற பையன் நல்லா பேசுவான், கஸ்டமர் எல்லாம் நேரா அவன் நம்பருக்கே ஆர்டர் சொல்லுவாங்க, முதலாளிக்கும் வேலை மிச்சம்னு சந்தோஷமா இருக்கும். ஒருநாள் அவன் வேற இடத்துக்கு போயிடுவான். அவன் மேல எந்தக் குத்தமும் இல்ல, அது அவனோட சொந்த நம்பர், கூடவே எடுத்துட்டுத்தான் போவான். ஆனா யார் எந்த சைஸ் வாங்குவாங்க, யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் கிட்ட என்ன தேதி சொல்லி வெச்சிருக்கோம்ங்கற மொத்த விவரமும் அவன் போனோடயே போயிடும். அதனால வியாபாரம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் தனி சிம் ஒண்ணு வாங்குங்க, அத வியாபாரத்து பேர்லயோ முதலாளி பேர்லயோ மட்டும் வாங்குங்க, வேலைக்கு இருக்கறவர் பேர்ல வேண்டவே வேண்டாம். இப்ப வர்ற நிறைய போன்ல ரெண்டு சிம் போடலாம், இல்லன்னா ஒரு ஈசிம் சேத்துக்கலாம், தனியா போன் வாங்கணும்னு கூட இல்ல.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்

தனி நம்பர் வாங்கியாச்சுன்னா அடுத்தது இதுதான். 2018 ஜனவரில வந்த ஆப், இலவசம், சாதாரண வாட்ஸ்அப்போட ஒரே போன்லயே வேற நம்பர்ல ஓடும். லேண்ட்லைன் நம்பர்ல கூட இத ஆரம்பிக்கலாம்ங்கறது நிறைய பேருக்கு தெரியாது, ஓடிபி மெசேஜா வராததால கால் மூலமா வாங்கற ஆப்ஷன் எடுத்தா போதும். ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு லேண்ட்லைன் நம்பர் இருந்தா அதையே வாட்ஸ்அப் நம்பராவும் ஆக்கிடலாம், புதுசா ஒரு நம்பர எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்க வேண்டாம்.

இதுல லேபிள், அடிக்கடி சொல்ற பதில முன்னாடியே எழுதி வெச்சு அனுப்பற குயிக் ரிப்ளை, பொருள் போட்டோ போடற கேட்டலாக், கடை மூடின நேரத்துல தானா போற மெசேஜ்னு எல்லாம் இருக்கு. எல்லாரும் முதல் நாள் கேட்டலாக்ல போட்டோ ஏத்தறதுலயே நேரத்த செலவு பண்றாங்க, ஆனா தினம் கை குடுக்கறது லேபிளும் குயிக் ரிப்ளையும்தான். புது ஆர்டர், பணம் பாக்கி, அனுப்பியாச்சுன்னு மூணே மூணு லேபிள் போட்டுட்டு, ஒவ்வொரு சாட்டையும் நிலைமை மாறறப்பல்லாம் லேபிள் மாத்தற பழக்கம் வந்துடுச்சுன்னா, சாயங்காலம் பணம் பாக்கி லேபிள தொட்டா யார் யார் பாக்கின்னு மொத்தமா வந்து நிக்கும். பத்து லேபிள் போட்டா யாரும் மாத்த மாட்டாங்க, அதனால கம்மியா வெச்சுக்கோங்க.

தானா போற மெசேஜ் விஷயத்துல ஒரு வார்த்தை. "எங்களை தொடர்பு கொண்டமைக்கு மிக்க நன்றி, தங்கள் செய்தி எங்களுக்கு மிகவும் முக்கியமானது"ன்னு ஆப்பே குடுக்கற மாதிரி ஒண்ணு போட்டா கஸ்டமருக்கு அதுல ஒரு தகவலும் இல்ல. அதுக்கு பதிலா "இப்ப கடை மூடியாச்சு. நாளைக்கு காலைல 10 மணிக்கு மேல பதில் சொல்றோம். ஏற்கெனவே குடுத்த ஆர்டர் பத்தின்னா பில் நம்பர் அனுப்பி வைங்க, பாத்து சொல்லிடறோம்"னு போடுங்க. எப்ப பதில் வரும், அதுக்குள்ள அவங்க என்ன பண்ணி வெக்கணும், இந்த ரெண்டும் இருந்தா போதும். காலைல நீங்க போன எடுக்கறப்ப பில் நம்பரும் அங்கயே இருக்கும், திரும்ப கேக்க வேண்டியது இல்ல.

இன்னொரு பழக்கம், எந்த ஆப் வெச்சிருந்தாலும் இத விடாதீங்கன்னு எல்லார் கிட்டயும் சொல்லுவேன். கஸ்டமர் வாய்ஸ் நோட்ல ஆர்டர் சொல்லுவாங்க, பாதி கால்ல சொல்லுவாங்க, மீதிய ஒரு போட்டோ அனுப்பி "இதே மாதிரி, ஆனா கலர் மட்டும் வேற"ன்னு சொல்லுவாங்க. இத எல்லாத்தையும் சேத்து ஒரே மெசேஜா எழுதி திருப்பி அனுப்புங்க: "நீங்க சொன்னது: நீல கலர், மீடியம் சைஸ், 12 பீஸ், வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள. முன்பணம் பாதி. சரின்னா ஓகே அனுப்புங்க." ஓகே வந்ததுக்கு அப்புறம்தான் வேலைய ஆரம்பிக்கணும். வாய்ஸ் நோட்ட வார்த்தை போட்டு தேட முடியாது, எழுதின மெசேஜ தேடலாம். வியாழக்கிழமைன்னு சொன்னீங்க, இல்ல புதன்கிழமைன்னு சொன்னேன்ங்கற சண்டைல முக்கால்வாசி இதுலயே நின்னுடும்.

இப்ப இதோட எல்லைக்கு வருவோம். மெயின் போன் தவிர நாலு டிவைஸ் வரைக்கும் லிங்க் பண்ணிக்கலாம், மெயின் போன்ல நெட் இல்லன்னாலும் மத்ததெல்லாம் ஓடும், ஆனா மெயின் போன்ல 14 நாளுக்கு மேல வாட்ஸ்அப்ப திறக்கவே இல்லன்னா லிங்க் பண்ணினது எல்லாம் லாக்அவுட் ஆயிடும். ரெண்டு மூணு பேர் ஒரே நம்பர்ல பதில் சொல்லலாம்தான், ஆனா எந்த சாட்ட யார் பாக்கறாங்கன்னு பிரிச்சு விட சரியான வழி கிடையாது, ஒரே கஸ்டமருக்கு ரெண்டு பேர் ரெண்டு விதமா பதில் போட்டுடுவாங்க, இல்ல அவர் பாத்துப்பார்னு இவரும் இவர் பாத்துப்பார்னு அவரும் விட்டுடுவாங்க. ஒரே மெசேஜ பல பேருக்கு தனித்தனியா அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா உங்க நம்பர தன்னோட போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் அது போகும், இது தெரியாம ஆஃபர் அனுப்பிட்டு யாரும் பதில் போடலயேன்னு வருத்தப்படறவங்க நிறைய. இந்த எல்லைய தாண்டணும்னு எங்கயோ கிடைக்கற பல்க் மெசேஜ் சாஃப்ட்வேர் போடறாங்க பாருங்க, அத மட்டும் பண்ணாதீங்க. வாட்ஸ்அப் அனுமதிக்காத வழில கூட்டமா மெசேஜ் போனா நம்பரையே தடை பண்ணிடுவாங்க, அந்த நம்பர்தான் உங்க போர்டுல, பில்லுல, பைல எல்லாத்துலயும் இருக்கும்.

அப்புறம் பேக்கப். ஆண்ட்ராய்டு போன்ல வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் அக்கவுண்ட்ல போய் உக்காரும், இலவசமா வர்ற 15 ஜிபி இடத்துலயே அதுவும் அடங்கணும். கஸ்டமர் அனுப்பற போட்டோவும் வீடியோவும் சேந்து அந்த இடம் நிறைஞ்சதும் பேக்கப் நின்னுடும், நின்னது யார் கண்ணுக்கும் படாது, போன் கீழ விழுந்து உடைஞ்ச அன்னைக்குத்தான் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவை கடைசி பேக்கப் தேதிய பாருங்க. ஆறு இலக்க பின் போடற டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் இன்னைக்கே ஆன் பண்ணுங்க, அது இல்லன்னா யாராவது ஏமாத்தி ஓடிபிய வாங்கிட்டா அந்த நிமிஷமே அக்கவுண்ட் அவன் கைக்கு போயிடும்.

ஏபிஐ எப்ப தேவை

வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐன்னு சொல்றது தனி ஆப் கிடையாது, உங்க நம்பர ஒரு சாஃப்ட்வேரோட இணைக்கற வழி. அந்த சாஃப்ட்வேர்ல பத்து பேர் தனித்தனி லாகின் போட்டு ஒரே நம்பர்ல வர்ற சாட்ட பிரிச்சு பதில் சொல்லலாம், யார் எப்ப என்ன சொன்னாங்கன்னு பதிவு இருக்கும், ஆர்டர் அனுப்பினதும் தானா மெசேஜ் போற மாதிரி வைக்கலாம். 2022ல வாட்ஸ்அப்போட தாய் கம்பெனி மெட்டா தன்னோட சர்வர்லயே ஓடற கிளவுட் ஏபிஐய எல்லாருக்கும் திறந்து விட்டதுக்கு அப்புறம் சின்ன வியாபாரத்துக்கும் இது எட்டற தூரத்துக்கு வந்துடுச்சு.

ஆனா இதோட விதிகள் புரியாம உள்ள போகாதீங்க. கஸ்டமர் கடைசியா மெசேஜ் போட்டதுல இருந்து 24 மணி நேரம்தான் நீங்க இஷ்டப்படி எழுதலாம். அது தாண்டிடுச்சுன்னா முன்கூட்டியே அனுமதி வாங்கி வெச்ச டெம்ப்ளேட் மெசேஜ் மட்டும்தான் அனுப்ப முடியும், அதுக்கு காசும் உண்டு. 2025 ஜூலைல இருந்து டெம்ப்ளேட்டுக்கு மெசேஜ் கணக்குல காசு எடுக்கறாங்க, அதுக்கு முன்னாடி ஒரு 24 மணி நேர உரையாடலுக்கு இவ்வளவுன்னு இருந்துச்சு. அப்ப உங்க கணக்கு என்னன்னா, 24 மணி நேரத்துக்குள்ள ஒழுங்கா பதில் சொல்ற வியாபாரத்துக்கு செலவு கம்மி, மெதுவா பதில் சொல்றவங்களும் விளம்பரம் தள்ளறவங்களும்தான் ஜாஸ்தி கட்டுவாங்க. கஸ்டமர் திங்கக்கிழமை ஒரு கேள்வி கேட்டு நீங்க புதன்கிழமை பதில் போடறதா இருந்தா, சாதாரணமா ரெண்டு வரி எழுதி அனுப்ப முடியாது, ஒரு டெம்ப்ளேட் அனுப்பி அவங்க திரும்ப பதில் போடற வரைக்கும் காத்திருக்கணும்.

ஏபிஐய பெரும்பாலும் நடுவுல இருக்கற ஒரு கம்பெனி மூலமாத்தான் எடுப்பீங்க. அவங்க டெமோல சாட்பாட் காட்டுவாங்க, கலர் கலரா ரிப்போர்ட் காட்டுவாங்க. நீங்க ரெண்டு கேள்வி கேளுங்க. அக்கவுண்ட் எங்க பேர்ல இருக்குமா உங்க பேர்ல இருக்குமா, நாங்க விலகிப் போனா இதே நம்பர வேற இடத்துக்கு எடுத்துட்டு போக முடியுமா. ரெண்டுக்கும் எழுத்துல பதில் வாங்குங்க. முன்னாடியெல்லாம் ஒரு நம்பர் ஏபிஐக்கு போயிடுச்சுன்னா அத போன் ஆப்ல வெச்சுக்க முடியாது, இப்ப ரெண்டையும் சேத்து வெச்சுக்கற வசதி வந்திருக்கு, அது உங்களுக்கு கிடைக்குமான்னும் வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. என்னோட அபிப்ராயம், ஒரே நேரத்துல மூணு பேருக்கு மேல பதில் சொல்ல உக்கார்ற வரைக்கும், இல்ல அப்பாயின்மென்ட் ஞாபகப்படுத்தற மாதிரி தினம் கையால அனுப்ப முடியாத அளவுக்கு மெசேஜ் சேர்ற வரைக்கும் ஏபிஐ பக்கமே போக வேண்டாம். சாட்பாட்டுக்காக மட்டும் எடுக்கறது வீண், உங்க கிட்ட வர்றவங்க மனுஷன் பதில் சொல்வாங்கன்னுதானே சின்ன கடைக்கு வர்றாங்க.

போன் கால்

மெசேஜ் பத்தியே பேசிட்டு இருக்கோம், ஆனா அவசரம்னா கஸ்டமர் கால்தான் பண்ணுவாங்க. ரிப்பேர், மருத்துவம், டெலிவரி மாதிரி வேலைன்னா கால எடுக்கலன்னா அடுத்த நிமிஷமே வேற ஆளுக்கு கால் போயிடும். இதுக்கு ரெண்டு வழி, சாதாரண சிம்மே வெச்சுக்கிட்டு கால் ஃபார்வர்ட் போடறது, இல்ல இன்டர்நெட் மூலமா ஓடற கிளவுட் போன் நம்பர் எடுக்கறது.

ஃபார்வர்டுல இருக்கற குறை, ஒரு நேரத்துல ஒரு நம்பருக்குத்தான் போகும், அவரும் எடுக்கலன்னா அவ்வளவுதான். கிளவுட் போன்ல ஒரு கால் வந்தா மூணு பேர் போனும் சேந்து அடிக்கும், முதல்ல எடுக்கறவர் பேசலாம், யாரும் எடுக்காத காலெல்லாம் ஒரு லிஸ்ட்டா வரும். அந்த மிஸ்டு கால் லிஸ்ட்டுக்காகவே இத எடுக்கலாம்னு சொல்லுவேன். ஒரு ஆள அதுக்குன்னு பொறுப்பா போட்டு, மதியம் ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை லிஸ்ட்ல இருக்கற எல்லாருக்கும் திரும்ப கூப்பிட சொல்லுங்க. ஒண்ண அழுத்துங்க, ரெண்ட அழுத்துங்கன்னு சொல்ற ஐவிஆர் வைக்கறதா இருந்தா ரெண்டு ஆப்ஷனுக்கு மேல வேண்டாம், நாலு பேர் வேலை பாக்கற இடத்துக்கு ஏழு ஆப்ஷன் வெச்சா கூப்பிடறவங்க எரிச்சல்தான் படுவாங்க.

நெட் ஸ்பீடு பத்தாதோன்னு பயப்பட வேண்டாம், ஒரு காலுக்கு ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 100 கேபிபிஎஸ் போதும், அஞ்சு பேர் சேந்து பேசினாலும் அரை எம்பிபிஎஸ்தான் ஆகுது. தொந்தரவு ஸ்பீடுல இல்ல, தாமதத்துல. குரல் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போக 150 மில்லி செகண்டுக்குள்ள இருக்கணும்னு ஐடியுங்கற சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்போட பரிந்துரை இருக்கு, அதுக்கு மேல போகப் போக ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பேசிட்டு இருப்பாங்க. யாராவது பெரிய ஃபைல் அப்லோட் பண்றப்ப குரல் வெட்டி வெட்டி வந்தா, ரௌட்டர்ல போன் காலுக்கு முன்னுரிமை குடுக்கற க்யூஓஎஸ் செட்டிங்க பாருங்க. கரண்ட் போனா ரௌட்டரும் போயிடும், அதோட போனும் போயிடும், அதனால ரௌட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வெச்சிடுங்க, நெட் இல்லாத நேரத்துல கால் தானா ஒரு சாதாரண மொபைலுக்கு போற மாதிரியும் செட் பண்ணிடுங்க. போன் கால ரெக்கார்ட் பண்ற வசதி இருந்தா பேச ஆரம்பிக்கறப்பவே கஸ்டமர் கிட்ட சொல்லிடுங்க, சொல்லாம பதிவு பண்றது பல நாட்டுல சட்டப்படி குத்தம். ஆம்புலன்ஸ், போலீஸ் மாதிரி அவசர நம்பருக்கு கிளவுட் போன நம்பி இருக்காதீங்க, கடைல ஒரு சாதாரண மொபைல் எப்பவும் இருக்கட்டும்.

ஈமெயில்

இத யாரு பாக்கறாங்கன்னு கேக்கறவங்களுக்கு என்னோட பதில், கடைக்கு வந்து பொருள் வாங்கற கஸ்டமர் பாக்க மாட்டார், ஆனா இன்னொரு கம்பெனி, பேங்க், அரசாங்க ஆபீஸ், சப்ளையர் எல்லாரும் ஈமெயில்லதான் இருக்காங்க. விலைப்பட்டியல், பில், ஒப்பந்தம் மாதிரி நாளைக்கு எடுத்துக் காட்ட வேண்டியது எதுவா இருந்தாலும் ஈமெயில்ல போகட்டும். வாட்ஸ்அப்ல அனுப்பின மெசேஜ 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், ரெண்டு நாளுக்கு மேல கூட எல்லாருக்கும் சேத்து அழிக்கலாம். ஈமெயில் ஒரு தடவை எதிராளி இன்பாக்ஸ்க்கு போயிடுச்சுன்னா போனதுதான், அனுப்பினவர் அத தொட முடியாது.

இலவச ஜிமெயில்ல கடை பேர போட்டு ஒரு அக்கவுண்ட் வெச்சிருக்கறதுக்கும், சொந்த டொமைன்ல, அதாவது வியாபாரத்து பேர்ல நீங்களே வாங்கற இணையப் பேர்ல, முகவரி வெச்சிருக்கறதுக்கும் என்ன வித்தியாசம்னா, பாக்க கௌரவமா இருக்குங்கறது சின்ன விஷயம், முகவரி உங்களோடதுங்கறதுதான் பெரிய விஷயம். இன்னைக்கு ஒரு கம்பெனி சர்வர்ல மெயில் ஓடுது, அவங்க விலை ஏத்திட்டாங்கன்னா, பழைய மெயிலெல்லாம் புது இடத்துக்கு காப்பி பண்ணிட்டு, டொமைன் செட்டிங்ல, மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்ட மாத்தினா அதே முகவரி வேற கம்பெனில ஓடும், கஸ்டமருக்கு மாறினதே தெரியாது. நான் இந்த லிஸ்ட்ல பாத்ததுலயே இவ்வளவு சுதந்திரம் வேற எதுலயும் இல்ல.

அதுக்கு டொமைன் உங்க பேர்ல இருக்கணும். வெப்சைட் பண்ணிக் குடுத்தவர் தன்னோட அக்கவுண்ட்லயே டொமைனையும் வாங்கி வெச்சிருப்பார், கெட்ட எண்ணத்துல இல்ல, அவருக்கு அது வசதி. மூணு வருஷம் கழிச்சு அவர் வேற வேலைக்கு போயிடுவார், ரினியூவல் மெயில் அவர் பாக்காத இன்பாக்ஸுக்கு போகும், டொமைன் காலாவதி ஆகும், அன்னைக்கு வெப்சைட்டும் ஈமெயிலும் சேந்து நிக்கும். டாட் காம் மாதிரி டொமைன்ல ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைன் வித்த கம்பெனி, அத நீக்கினதுக்கு அப்புறமும் 30 நாள் மீட்டெடுக்க ஒரு அவகாசம் இருக்கு, அதுக்கு தனியா அபராதம் மாதிரி கட்டணும், அதையும் விட்டா யாரு வேணா வாங்கிக்கலாம். அதனால ரெஜிஸ்ட்ரார் லாகின் உங்க கைல இருக்கட்டும், ஆட்டோ ரினியூவல் போடுங்க, இன்னொண்ணு, அந்த லாகினுக்கு குடுக்கற ஈமெயில் அதே டொமைன்ல இருக்கற ஈமெயிலா இருக்கக் கூடாது. டொமைன் நின்னா அந்த ஈமெயிலும் நிக்கும், பாஸ்வேர்ட் ரீசெட் எங்க வரும்னு யோசிச்சு பாருங்க.

சொந்த டொமைன் போட்டதும் மெயில் ஸ்பாம்ல விழுதுன்னு ஒரு புகார் வரும். காரணம் பெரும்பாலும் டொமைன் செட்டிங்ல மூணு ரெக்கார்ட் போடாம விட்டதுதான். எஸ்பிஎஃப்ங்கறது எங்க பேர்ல மெயில் அனுப்ப இந்த சர்வருக்குத்தான் அனுமதின்னு சொல்ற லிஸ்ட், டிகேஐஎம் ஒவ்வொரு மெயில்லயும் வைக்கற அரக்கு முத்திரை மாதிரி, நடுவுல யாரும் கை வைக்கலன்னு காட்டும், இந்த ரெண்டும் பொருந்தலன்னா மெயில என்ன பண்ணணும்னு சொல்றது டிமார்க். 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பற எல்லாருக்கும் எஸ்பிஎஃப் இல்லன்னா டிகேஐஎம் கட்டாயம், ஒரு நாளைக்கு 5,000க்கு மேல அனுப்பறவங்களுக்கு மூணுமே கட்டாயம். நீங்க பத்து மெயில்தான் அனுப்பறீங்கன்னாலும் மூணையும் போட்டுடுங்க, மெயில் குடுக்கற கம்பெனியோட உதவிப் பக்கத்துலயே என்ன போடணும்னு இருக்கும், பாத்து காப்பி பண்ணினா அரை மணி நேர வேலை. முகவரிய ஆள் பேர்ல வைக்காம ஆர்டர், பில்லிங்னு வேலை பேர்ல வைங்க, ஆள் மாறினாலும் முகவரி மாறாது.

எஸ்எம்எஸ் பத்தி கொஞ்சமா சொல்லிடறேன். நெட் இல்லாத போனுக்கும் போகும்ங்கறதுதான் அதோட பலம், ஞாபகப்படுத்தறதுக்கும் ஓடிபிக்கும் சரி, உரையாடலுக்கு சரிப்படாது. தமிழ்ல அனுப்பறதா இருந்தா செலவு கணக்கு மாறும். இங்கிலீஷ் எழுத்துன்னா ஒரு மெசேஜுக்கு 160, தமிழ்ன்னா 70 தான், அதுலயும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். "வணக்கம்"னு கண்ணுக்கு அஞ்சு எழுத்து, கணக்குல ஏழு. நாலு வரி தமிழ்ல எழுதினா மூணு மெசேஜ் காசு போயிடும், சுருக்கி எழுதுங்க.

சரி, இதுல எத எடுக்கறது

முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு ஞாபகத்துல வைங்க. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் சேந்து கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் நின்னுது, அன்னைக்கு வாட்ஸ்அப் மட்டும் வெச்சிருந்தவங்களுக்கு கடையே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல இலவசமா குடுத்த வெப்சைட்ட 2024 மார்ச்ல நிறுத்தினாங்க, அதே ப்ரொஃபைல்ல இருந்த சாட் வசதிய 2024 ஜூலைல நிறுத்தினாங்க. இவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, அவங்க பொருள் அவங்க இஷ்டம். போர்டுல, பில்லுல, வண்டில அச்சடிக்கறது உங்க பேர்ல இருக்கற போன் நம்பரும் உங்க டொமைனும் மட்டும்னு வெச்சுக்கோங்க, வாட்ஸ்அப்போ வேற எதுவோ அந்த நம்பருக்கு பின்னாடி ஓடட்டும், மாறினா மாறட்டும்.

ஒரே ஆள் நடத்தற தொழிலுக்கு தனி சிம், அதுல வாட்ஸ்அப் பிசினஸ் ஆப், கூடவே ஒரு டொமைன். ஈமெயில உடனே போடலன்னாலும் டொமைன மட்டும் இப்பவே வாங்கி வைங்க, பேர் கிடைக்காம போயிடும். மூணு நாலு பேர் இருக்கற இடத்துல கால்தான் ஜாஸ்தி வருதுன்னா அடுத்த காசு கிளவுட் போனுக்கு போகணும், மெசேஜ்தான் ஜாஸ்தின்னா ஆப்லயே லிங்க் பண்ணின டிவைஸ வெச்சு, யார் எந்த நேரம் பாக்கறதுன்னு பங்கு பிரிச்சுக்கிட்டு ஓட்டுங்க. எது ஜாஸ்தின்னு சும்மா யோசிச்சு சொல்லாதீங்க, ஒரு வாரம் ஒரு நோட்ல கோடு போட்டு எண்ணுங்க, பல பேருக்கு நினைச்சதுக்கு நேர்மாறா வரும். கம்பெனிகளுக்கு சப்ளை பண்றவங்களா இருந்தா வரிசையே வேற, டொமைன் ஈமெயில்தான் முதல்ல, வாட்ஸ்அப் ரெண்டாவது. ஏபிஐ இவங்க எல்லாருக்கும் அப்புறம்தான்.

பழைய நம்பர்ல இருந்து மாறறது எப்படி

தனி நம்பர் வாங்கிட்டு பழைய சிம்ம உடனே மூடிடாதீங்க. ரொம்ப நாள் உபயோகிக்காத நம்பர போன் கம்பெனிக்காரங்க வேற ஆளுக்கு குடுத்துடுவாங்க, உங்க கஸ்டமர் யாரோ ஒருத்தருக்கு ஆர்டர் சொல்லிட்டு இருப்பாங்க. ஒரு வருஷமாவது அத உயிரோட வெச்சு, வர்ற கால புது நம்பருக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல நம்பர் மாத்தற ஆப்ஷன் இருக்கு, அத போட்டா சாட் எல்லாம் புது நம்பருக்கு வரும், உங்க கான்டாக்ட்ல இருக்கறவங்களுக்கு தகவலும் அனுப்பலாம், ஆனா பழசு உங்க சொந்த நம்பரா இருந்து வீட்டுக்கும் நட்புக்கும் அதுதான்னா அத மாத்தாதீங்க, புது நம்பர்ல தனியா ஆரம்பிச்சு கஸ்டமருக்கு ஒவ்வொருத்தரா சொல்லுங்க.

பழைய நம்பர் எங்கெங்க குடுத்திருக்கோம்னு ஒரு தாள்ல எழுதுங்க: மேப் லிஸ்டிங், பில் புக், பேங்க் ஓடிபி, டொமைன் ரெஜிஸ்ட்ரார், வரி அக்கவுண்ட், சப்ளையர், சோசியல் மீடியா பக்கம். பேங்க் ஓடிபியும் டொமைன் லாகினும்தான் முதல்ல மாத்த வேண்டியது, அது ரெண்டும் மாறி, ஒரு தடவை லாகின் பண்ணி ஓடிபி புது நம்பருக்கு வருதான்னு பாத்ததுக்கு அப்புறம் புது பில் புக் அச்சடிக்கக் குடுங்க.